ஒன்னே கால் கோடி: புது பிஎம்டபிள்யூ எம்2 வா, யூஸ்டு போர்ஷே கேமனா?

கோவை_ஸ்டீரிங்:
வணக்கம்ங்க. ரொம்ப நாளா இங்க படிச்சுட்டு மட்டும்தான் இருந்தேன், இன்னைக்குத்தான் முதல்ல எழுதறேன். ஊரு கோயமுத்தூர், இப்ப கையில இருக்கறது ஆக்டேவியா ஆர்எஸ் 245, 2020ல வாங்குனது, அதுல எந்தக் குறையும் இல்லைங்க. ஆனா இருபது வருசமா மனசுல ஒரு கூப்பே (ரெண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார்) கனவு இருக்கு, இப்பத்தான் யூனிட் கடன் எல்லாம் முடிஞ்சு கொஞ்சம் மூச்சு விட்டிருக்கேன், வீட்லயும் சரின்னுட்டாங்க.

ரெண்டு வண்டி பாத்து வெச்சிருக்கேன். ஒன்னு புது எம்2. 2024 நவம்பர் அப்டேட்ல வந்தப்ப எக்ஸ்-ஷோரூம் 1.03 கோடி, நம்மூரு ரோடு டாக்ஸ் 20 சதவீதம், இன்சூரன்ஸ் சேத்தா ஒன்னே கால் கோடி தாண்டுச்சு. இன்னொன்னு போர்ஷே 718 கேமன், 2 லிட்டர் டர்போ, யூஸ்டு, தமிழ்நாடு ரிஜிஸ்ட்ரேஷன், 75 லட்சம் சொல்றாங்க. எம்2 வாங்கினா ஆக்டேவியாவை குடுத்துடணும், அப்பத்தான் பணம் சரியா வரும்.

ஓட்டறது எப்படின்னா, ஞாயித்துக்கிழமை விடிகாலைல ஆழியார்ல இருந்து வால்பாறை ஏறி எறங்கறது, மாசம் ஒரு தடவை சென்னை. எட்டு வயசுல ஒரு பொண்ணு இருக்கா. பேப்பர்ல பாத்தா எம்2 480 குதிரை, கேமன் 300, அப்ப கேமனை எதுக்குங்க பாக்கணும்னு தோணுது, ஆனா கேமனை ஓட்டிப் பாத்ததுல இருந்து தூக்கம் வரல. உங்க அனுபவத்தை சொல்லுங்க.

இன்லைன்_சிக்ஸ்:
சார், நான் ஓட்டுறது பழைய எம்2 காம்பெடிஷன், 410 குதிரை, 550 என்எம் டார்க் (இழுவை), சென்னைல நாலு வருஷமா இருக்கு. என்னைக் கேட்டா யோசிக்கவே வேணாம், புது எம்2. அந்த எஸ்58 இன்ஜின் எம்3, எம்4ல வர்ற அதே 3 லிட்டர் ட்வின் டர்போ ஸ்ட்ரைட் சிக்ஸ் (ஆறு சிலிண்டரும் ஒரே வரிசைல), 7200 ஆர்பிஎம் வரைக்கும் இழுக்கும். ஆட்டோமேட்டிக்ல 600 என்எம், 0-100 நாலு செகண்ட். மேனுவல்ல 550 என்எம், 4.2 செகண்ட். ஆறு சிலிண்டர், ரியர் வீல் டிரைவ், மூணு பெடல் மேனுவல், இந்த மூணும் சேந்து ஒரே வண்டில புதுசா கிடைக்கிறதே இப்ப அபூர்வம், இன்னும் எத்தனை வருஷம் விப்பாங்களோ.

நாலு பேர் உக்காரலாம், 390 லிட்டர் டிக்கி. சென்னைக்கு பொண்டாட்டி புள்ளையோட போகலாம் சார், அதை விட என்ன வேணும்? கேமன்ல ரெண்டே சீட்டு, பொண்ணு வர்றேன்னு சொன்னா மேடம் வீட்லதான் இருக்கணும்.

டயரை மட்டும் மறக்காதீங்க. முன்னாடி 275/35 ஆர்19, பின்னாடி 285/30 ஆர்20. சைட்வால், அதாவது டயரோட பக்கச் சுவர், உயரம் விரல் நீளம்தான், ஸ்டெப்னி கிடையாது. ராத்திரி ஹைவேல ஒரு பள்ளத்துல நான் ஒரு டயரும் ரிம்மும் சேத்து இழந்திருக்கேன், விடியற வரைக்கும் ஒரு டீக்கடை வாசல்லதான் உக்காந்திருந்தேன்.

ம்யூனிக்_மாறன்:
தம்பி ரெண்டையும் நான் இங்க ஜெர்மனில நல்லா ஓட்டிருக்கேன், அதனால சொல்றேன். ஆட்டோபான் ஹைவேல எம்2 ராஜா, அதுல சந்தேகமே இல்ல. ஆனா நீங்க ஓட்டப் போறது வால்பாறை. நாப்பது கொண்டை ஊசி வளைவு, ரெண்டாவது கியர் மூணாவது கியர், அடுத்த திருப்பத்துல பஸ் வருமா வரையாடு நிக்குமான்னு தெரியாது. அங்க 480 குதிரையை எங்க அவுத்து விடுவீங்க? ரெண்டு செகண்ட் மிதிச்சா அடுத்த பிரேக் வந்துரும்.

எடையைப் பாருங்க. எம்2 1700 கிலோ, பேஸ் கேமன் பிடிகே (போர்ஷேவோட டூயல் கிளட்ச் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்) 1365 கிலோ. முந்நூறு கிலோவுக்கு மேல வித்தியாசம், அதாவது நாலு பெரிய ஆளை எப்பவும் ஏத்திக்கிட்டு வளையிற மாதிரி. கேமன்ல இன்ஜின் சீட்டுக்குப் பின்னாடி, ரியர் ஆக்சிலுக்கு முன்னாடி, வண்டியோட நடுவுல உக்காந்திருக்கு, கனம் நடுவுல இருக்கறதால ஸ்டீரிங் திருப்பின உடனே மூக்கு திரும்பிடும். எம்2 மூக்குல ஆறு சிலிண்டர் இன்ஜினை வெச்சிக்கிட்டு திரும்பணும், திரும்பும், நல்லாவே திரும்பும், ஆனா அந்தக் கனம் கையில தெரியும். அகலமும் 1887 மில்லி, கேமன் 1801. மலை ரோட்டுல எதுர்ல லாரி வர்றப்ப அந்த எட்டரை சென்டிமீட்டர் பெருசு.

வேகம்னு பாத்தா பேஸ் கேமனும் பிடிகேல 4.9 செகண்ட்ல நூறு தொடுது, 380 என்எம் 1950 ஆர்பிஎம்லயே வந்துரும். சத்தம் மட்டும் மனசை நெறைக்காது, அதை ஒத்துக்கறேன். 2016ல ஆறு சிலிண்டரை எடுத்துட்டு நாலு சிலிண்டர் டர்போ போட்டாங்க, அதுக்குப் பழைய ஆளுங்க இன்னும் வருத்தப்படுறாங்க, நானும்தான். 2020ல வந்த கேமன் ஜிடிஎஸ் 4.0 மாடல்ல மறுபடி 4 லிட்டர் ஆறு சிலிண்டர், டர்போ இல்லாம 400 குதிரை, அது கிடைச்சா கண்ணை மூடிட்டு வாங்குங்க, ஆனா உங்க பட்ஜெட்டுக்கு வராது.

கராஜ்_செந்தில்:
அண்ணா, எல்லாரும் எம்2வா கேமனானு பேசுறாங்க, நான் ஆக்டேவியாவைப் பத்தி பேசுறேன். அதை ஏன் விக்கிறீங்க? எம்2க்கு நீங்க குடுக்கிற கூடுதல் அம்பது லட்சம் எதுக்குன்னா, ஒரே வண்டியில குடும்பமும் போகணும் வேகமும் வேணும்கிறதுக்கு. ஆக்டேவியா வீட்ல நின்னா அந்தத் தேவையே இல்ல. சென்னைக்கு ஆக்டேவியா, வால்பாறைக்கு கேமன், அந்த அம்பது லட்சத்துல ஆக்டேவியா வித்தா வர்ற பணம் போக மீதி கையில. கேமனுக்கு முதல் ஓனர் இறக்குமதி வரி, ரோடு டாக்ஸ் எல்லாம் கட்டி புது வண்டி விலை விழுற முதல் அடியையும் வாங்கிட்டாரு, புது எம்2ல அந்த அடி உங்களுக்குத்தான். மறைமலைநகர் பக்கம் பிஎம்டபிள்யூ ஃபேக்டரியே இருக்கு, ஆனா எம்2 அங்க தயாராகறது இல்ல, மெக்சிகோல இருந்து முழு வண்டியா வருது, அதான் அந்த விலை.

வாங்கறதுக்கு முன்னாடி லிஃப்ட்ல ஏத்திப் பாக்காம அட்வான்ஸ் குடுக்காதீங்க. முன் பம்பர் ரெண்டு ஓரத்துலயும் ரேடியேட்டர் இருக்கு, அதுல எலை, தூசி, மண்ணு அடைஞ்சு கிடக்கும், ஏசி கண்டென்சரும் அங்கதான், பம்பரைக் கழட்டி சுத்தம் பண்ணியிருக்காங்களான்னு கேளுங்க. அடிப்பக்க கவர்ல ஸ்பீடு பிரேக்கர் உரசுன தடம் பாருங்க. டயர் சைட்வால்ல வாரம் வருஷம் நாலு நம்பர்ல இருக்கும், டயர் பட்டன் தேயாம நல்லா இருந்தாலும் ஆறு வருஷம் ஆச்சுன்னா நாலு டயருக்கும் காசு எடுத்து வெச்சிடுங்க. பிரேக் டிஸ்க் தேஞ்சிருக்கான்னு விளிம்பு தடவிப் பாருங்க.

பழைய கேமன்ல ஐஎம்எஸ் பேரிங்னு, இன்ஜினுக்குள்ள இருக்கற ஒரு பேரிங் போயிரும்னு, ஒரு பயம் காட்டுவாங்க, அது 2008 வரைக்கும் வந்த இன்ஜினுக்கு, 718க்கு அது கிடையாது. இன்னொன்னு, வீல்பேஸ் (முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடைவெளி) கேமன்ல 2475 மில்லி, எம்2ல 2747. அது நீளமா இருந்தா நம்மூரு ஸ்பீடு பிரேக்கர்ல வயிறு தட்டற வாய்ப்பு அதிகம்.

இன்லைன்_சிக்ஸ்:
செந்தில் சொன்ன கணக்கு சரிதான், ஆக்டேவியா இருக்கும்னா என் வாதம் பாதி போச்சு. ஆனாலும் சார், மேனுவல் எம்2வை ஒரு தடவை ஓட்டிப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க, பிடிகே எவ்வளவு வேகமா கியர் மாத்துனாலும் கிளட்ச் மிதிச்சு நாமளே மாத்துற சந்தோஷம் வேற.

கோவை_ஸ்டீரிங்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. ஆக்டேவியாவை வெச்சுக்கலாம்னு எனக்கு யோசனையே வரல, செந்தில் தம்பி எழுதுனதை வீட்ல படிச்சுக் காட்டுனேன், அவங்களுக்கு நிம்மதி ஆயிடுச்சு. மேனுவல் எம்2 வியாழக்கிழமை ஓட்டுனேன், இன்லைன் சார் சொன்னது பொய் இல்லைங்க, அந்த இழுவை இன்னும் முதுகுல இருக்கு. ஆனா திரும்பி வந்து மறுபடி கேமன்ல செட்டிபாளையம் பக்கம் ஒரு வளைவு எடுத்தப்ப சிரிச்சுட்டே ஓட்டிட்டு இருந்தேன், அது எனக்கே அப்புறம்தான் தெரிஞ்சுது.

சனிக்கிழமை லிஃப்ட்ல ஏத்தறோம். டயர் 2019 தேதி போட்டிருக்கு, அதை வெச்சு விலை கொறைக்கச் சொல்லியிருக்கேன். பொண்ணு கேமனோட முன்பக்க டிக்கியைத் தெறந்து பாத்துட்டு ஸ்கூல் பேக் இங்கதான்னு இப்பவே இடம் பிடிச்சு வெச்சிருக்கா.