கேமரா டயலில் சி1 என்று நம்பி சி2-வில் எடுத்தவர்கள் யாராவது உண்டா? (நாமே அமைப்புகளைச் சேமித்து வைக்கிற கட்டங்களைச் சொல்கிறேன்.)

ஏரிக்கரையான்:
ஜனவரியில் வேடந்தாங்கல். இன்னும் மனசு ஆறவில்லை, அதனால்தான் இங்கே கொட்டுகிறேன். சி1-இல் பறவைக்கு ஷட்டர் 1/2000 விநாடி, ஒளி உணர்திறனைக் கேமராவே பார்த்துக்கொள்ளும் ஆட்டோ ஐஎஸ்ஓ, நகர்வதை விடாமல் பிடிக்கும் தொடர் ஃபோகஸ். சி2-வில் கோயில் மண்டபத்துக்கு 1/30, கை நடுக்கத்தைச் சமாளிக்கும் ஸ்டெபிலைசேஷனை நம்பி. பையிலிருந்து எடுக்கும்போது டயல் ஒரு கட்டம் நகர்ந்திருக்கிறது, கவனிக்கவில்லை.

மஞ்சள் மூக்கு நாரை ஒன்று நீளக் குச்சியைக் கவ்விக்கொண்டு நேராக என்னைப் பார்த்து வந்தது. கூட்டுக்கு மேலே இறக்கையை முழுசாக விரித்து, காலை முன்னால் நீட்டி இறங்கியது. 300 எம்எம்மில் கையில் பிடித்திருந்தும் வியூஃபைண்டரில் மரம் பசை போட்டு ஒட்டிய மாதிரி நின்றது. 14 படம். திரையில் பார்த்தால் நீர்க்கடம்பு இலை ஒவ்வொன்றும் நரம்போடு தெரிகிறது, கிளையில் காய்ந்த எச்சம்கூடத் தெரிகிறது. நாரை இருக்க வேண்டிய இடத்தில் யாரோ வெள்ளை வேட்டியை உதறிய மாதிரி ஒரு இழுப்பு. ஷட்டர் சத்தம் இழுத்து இழுத்துக் கேட்டதே, அப்போதாவது உறைத்திருக்க வேண்டாமா?

தென்கோடி:
எனக்கு நேர்மாறாக நடந்தது. கன்னியாகுமரிக் கரையில் ட்ரைபாட் போட்டு, இருட்டியபின் விளக்கொளியில் வள்ளுவர் சிலை. பழைய 200 எம்எம் லென்ஸ், 15 விநாடி. ஸ்டெபிலைசேஷனை அணைக்க மறந்துவிட்டேன். பெரிதாக்கிப் பார்த்தால் அறம், பொருள், இன்பம் என்று காட்டுகிற மூன்று விரல் ஆறாகிவிட்டது. அசைவே இல்லாத இடத்தில் அந்தப் பழைய லென்ஸ் அசைவைத் தேடித் தானே நகர்ந்திருக்கிறது. வீட்டில் காட்டியபோது, "திருக்குறளில் இன்னும் மூன்று பால் சேர்த்துவிட்டாயா?" என்றார் அப்பா. இன்றுவரை சொல்லிக் காட்டுகிறார்.

மங்கல்படம்:
தென்கோடி, இதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அந்தக் கடற்கரைக் காற்றுக்கு எந்த ட்ரைபாட் நிற்கும்? எல்லாரும் பழியை லென்ஸ் மேல் போடுகிறார்கள். நடுத்தண்டை உயர்த்தியிருப்பீர்கள், அதை முழுக்க இறக்குங்கள். பையை அதில் தொங்கவிடுங்கள், ஆனால் பை தரையைத் தொட்டுக்கொண்டு இருக்கட்டும். இல்லாவிட்டால் அதுவே ஊசலாடும். கழுத்துப் பட்டையைக் கழற்றிவிடுங்கள், காற்றில் அது படபடப்பதே போதும். கையால் அமுக்காமல் 2 விநாடி டைமர் வையுங்கள். புதிய லென்ஸ்கள் பல ட்ரைபாடைத் தானே உணர்ந்துகொள்ளும், அணைக்கவே தேவையில்லை.

அப்புறம் ஏரிக்கரையான், ஸ்டெபிலைசேஷன் உங்கள் கை நடுக்கத்துக்குத்தான், நாரையின் இறக்கைக்கு இல்லை. ஒரு ஸ்டாப் என்றால் ஷட்டர் நேரம் இரண்டு மடங்கு; நாலு ஸ்டாப் உதவி என்று போட்டிருந்தால் 1/300 கேட்கிற லென்ஸை 1/20 வரை கையில் பிடிக்கலாம், அவ்வளவுதான்.

என் கதை சின்னது. தம்பி கல்யாணம், ஹோமப் புகை. சி1-இல் இருந்தபடியே, படம் வெளிச்சமாக வர எக்ஸ்போஷரை +1 ஏற்றினேன். ஐயர் மந்திரம் நீண்டதில் கேமரா தூங்கிவிட்டது. கெட்டிமேளம் கேட்டு எழுப்பினேன். அது சி1-இல் சேமித்து வைத்திருந்த பழைய கணக்குக்கே போய்விட்டது. தாலி முடிச்சு மட்டும் இருட்டு. மெனுவில் இப்படி மாற்றியதைத் தானாகச் சேமிக்கும் வசதி இருப்பது மறுநாள்தான் தெரிந்தது.

தென்கோடி:
அண்ணா, ஸ்டெபிலைசேஷனை அணைத்துவிட்டு அதே இடத்தில், அதே காற்றில், அதே 15 விநாடியில் இன்னொன்று எடுத்தேன். விரல் மூன்றுதான். தண்டை நான் உயர்த்தவும் இல்லை.

ஏரிக்கரையான்:
மங்கல்படம் சார், இறக்கைக்கு இல்லை என்பது எனக்கும் தெரியும். தெரிந்தேதான் சி1-இல் 1/2000 வைத்திருந்தேன். எனக்கு உறுத்துவது டயல். அண்ணியிடம் நகப்பூச்சு வாங்கி சி1 பக்கத்தில் சிவப்பாக ஒரு பொட்டு வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மறுபடி போகிறேன், குஞ்சுகள் இன்னும் கூட்டில் இருந்தால்.