ஒரே ரூட்டர், ரெண்டு பேரேடு: வி.ஆர்.எஃப். போட்டவங்க அனுபவம்

திருப்பூர்:
பனியன் கம்பெனி ஒன்னுக்கு நெட்வொர்க் பாக்கறனுங்க. முதலாளி புதுசா ஒரு சாயப்பட்டறையைச் சேர்த்துக்கிட்டார். ஆபீஸ் சப்நெட்டும் (ஐபி வரிசை) 192.168.1.0, பட்டறையும் அதே 192.168.1.0. ரெண்டு இன்டர்ஃபேஸுக்கும் ஒரே சப்நெட்டைக் குடுத்தா ரூட்டர் ஏத்துக்கல. பட்டறை நம்பரை மாத்தலாம்னா, மெஷினை ஓட்டற பிஎல்சி, கலர் டிஸ்பென்சர் எல்லாம் மெஷின்காரங்க வெச்ச ஐபி. அவங்க வரோணும், அதுவரைக்கும் சாயம் போடறது நிக்கோணும். ஆர்டர் ஓடறப்ப அதை எப்படிக் கேக்கறது?

வி.ஆர்.எஃப். (விர்ச்சுவல் ரூட்டிங் அண்ட் ஃபார்வேர்டிங்) போட்டேன். ஒரே பெட்டிக்குள்ள ரெண்டு ரூட்டிங் டேபிள், அதாவது எந்த ஐபிக்கு எந்த வழினு சொல்ற பட்டியல். ஒரு கணக்குப்பிள்ளை ரெண்டு கம்பெனிக்கும் தனித்தனிப் பேரேடு எழுதற மாதிரி, இதுல இருக்கற 192.168.1.0-க்கும் அதுல இருக்கறதுக்கும் சம்பந்தமே இல்லை. பட்டறையோட ரிப்போர்ட் சர்வர் மட்டும் ஆபீஸுக்குத் தெரியோணும். அதை 10.50.1.10-னு நாட் பண்ணி (ஐபியை வேற நம்பரா மாத்திக் காட்டி), அந்த ஒத்தை ரூட்டை மட்டும் ஆபீஸ் டேபிளுக்கு லீக் பண்ணினேன். ஆபீஸ்ல இருந்து போறதையும் 10.60.1.1-ஆ மாத்தித்தான் உள்ள விடோணும். இல்லீன்னா சர்வர் பதிலைத் தன் நெட்வொர்க்குக்குள்ளயே தேடிட்டு நிக்கும். இந்த ரெண்டாவது நாட் புரியறதுக்கு எனக்கு ஒரு சாயங்காலம் முழுக்க ஆச்சுங்க.

ஈரோடு:
அண்ணா, எங்க ரூட்டர்ல இன்டர்ஃபேஸை வி.ஆர்.எஃப்.க்குள்ள போட்ட அடுத்த நொடி அதுல இருந்த ஐபி அழிஞ்சுடுச்சுங்க. நான் வீட்ல இருந்து அதே இன்டர்ஃபேஸ் வழியாத்தான் உள்ள போயிருந்தேன். ராத்திரி பதினோரு மணிக்கு வண்டி எடுத்துட்டுப் பெருந்துறை போய், கன்சோல் கேபிள் சொருகி ஐபியைத் திரும்பக் குடுத்தேன். இப்பெல்லாம் 10 நிமிசத்துல ரூட்டர் தானா ரீலோடு ஆகிப் பழைய செட்டிங்குக்கே திரும்பற மாதிரி வெச்சுட்டு, கான்ஃபிக்கைச் சேவ் பண்ணாமத்தான் கை வெக்கறது. எல்லாம் சரியா இருந்தா ரீலோடை ரத்து பண்ணிக்கலாம்.

கோவை:
எங்க ஃபவுண்ட்ரியில ஐபி மோதல் இல்லைங்க, ஏசிஎல்தான் (எது எங்க போகலாம், போகக்கூடாதுன்னு எழுதற பட்டியல்) பெருந்தொல்லை. 6 விலான் (ஒரே ஸ்விட்ச்சுல பிரிச்ச தனித்தனி நெட்வொர்க்). விலானைப் பிரிச்சாப் போதும்னு நெனைச்சுடறோம். ஆனா அதுங்களோட கேட்வே (வெளிய போற வாசல்) எல்லாம் ஒரே ரூட்டர்ல இருந்தா, அது ஒன்னுக்கொன்னு தானாவே வழி விட்டுடுது. போற திசை, வர்ற திசை சேர்த்தா 30 ஜோடி, ஒவ்வொன்னையும் தடுத்து எழுதோணும். சிசிடிவி, கெஸ்ட் வைஃபை, மெஷின் மூணையும் தனி வி.ஆர்.எஃப். ஆக்கினதுக்கப்புறம் வழியே இல்லாத நிலையில இருந்து ஆரம்பிக்கறோம். வேணுங்கற ரூட்டை மட்டும் எழுதினாப் போதும். திரும்பி வர்ற ரூட்டையும் லீக் பண்ண மறந்துடாதீங்க. வழி இருக்கான்னு பாக்கப் பிங் போடறப்பவும் வி.ஆர்.எஃப். பேரைச் சேர்த்துத்தான் போடோணும்.

பெரிய ரூட்டர் வாங்க முடியாத சின்ன யூனிட்டுக்காரங்களுக்கு: லினக்ஸ் கெர்னல்ல 2015-ல வந்த 4.3-ல இருந்தே வி.ஆர்.எஃப். இருக்கு. பழைய கம்ப்யூட்டர்ல ரெண்டு நெட்வொர்க் கார்டு போட்டு முதல்ல ஒத்திகை பாருங்க.

திருப்பூர்:
ஈரோட்டுத் தம்பி, ஒன்னு கேக்கறேன். சிஸ்லாக் (ரூட்டர் தன் லாக்கை அனுப்பற சர்வர்), டைம் சர்வர் இதுக்கெல்லாமும் எந்த வி.ஆர்.எஃப். வழியாப் போகோணும்னு சொல்லியிருக்கீங்களா? எனக்கு மாத்தின அன்னையில இருந்து லாக் வரவே இல்லை. ரெண்டு வாரம் கழிச்சுத்தான் கவனிச்சேன்.