தரம் 10 விஞ்ஞானம்: இணையத்தில் எங்கே படிக்கலாம்?

திருகோணமலை உறவுகளே, ஓர் உதவி. உப்புவெளியில் இருக்கிறோம், மகள் தரம் 10. விஞ்ஞானத்துக்குத் தமிழில் தேடினால் பெரும்பாலும் தமிழ்நாட்டுக் காணொளிகளே வருகின்றன. விளக்கம் அருமை, சொற்கள்தான் இடிக்கின்றன. நமது 'ஆர்முடுகல்' (acceleration) அங்கே 'முடுக்கம்'. நமது 'கதி' (speed) அவர்களுக்கு 'வேகம்', நமது 'வேகமோ' (velocity) 'திசைவேகம்'! நேற்றிரவு ஒரு கணக்கில் கதியையும் வேகத்தையும் குழப்பிக்கொண்டு, கொப்பியை மூடிவிட்டுப் படுத்துவிட்டாள்.

கல்வி அமைச்சின் இ-தக்சலாவ இணையத்தளம் தெரியும். திரையிலேயே பரிசோதனை செய்து பார்க்கும் பெட் (PhET) தளத்தில் மின்சுற்று அமைத்துப் பார்ப்பது அவளுக்கு விருப்பம். மின்கலங்களைக் கூட்டக் கூட்ட மின்குமிழ் பிரகாசிப்பதை எனக்கும் கூப்பிட்டுக் காட்டினாள்.

நமது பாடத்திட்டப்படி, முக்கியமாக இரசாயனச் சமன்பாடுகளை நிதானமாகச் சொல்லித்தரும் யூடியூப் ஆசிரியர்கள் யாராவது இருக்கிறார்களா? கைத்தொலைபேசியில்தான் பார்க்கிறாள், டேட்டாவை அதிகம் விழுங்காததாக இருந்தால் இன்னும் நல்லது.