மங்கலான கருந்துளையை ரேடியோ அலைகளில் எப்படி அடையாளம் காண்கிறார்கள்?

கேள்வி:
எம்81 விண்மீன் மண்டலம் 1.2 கோடி ஒளியாண்டு தூரத்தில்தான் இருக்கிறது, நடுவில் சுமார் 7 கோடி சூரிய நிறையுள்ள கருந்துளை, ஆனாலும் குவாசார் (கருந்துளையால் மிகப் பிரகாசமாக ஒளிரும் மண்டல மையம்) மாதிரி ஜொலிக்கவில்லையே, ஏன்? ரேடியோவில் மட்டும் எப்படித் தெரிகிறது?

பதில் 1:
தீனி குறைவு. வாயு கொஞ்சமாக விழும்போது அடர்ந்த தட்டாகாமல், சூடான மெல்லிய வாயுவாகவே பெரும்பாலும் வெப்பத்தை வெளிவிடாமல் உள்ளே போய்விடும். வருகிற கொஞ்சம் வெளிச்சமும் சுற்றியுள்ள விண்மீன்களின் ஒளியில் அமுங்கிவிடும். ரேடியோவில் அந்த விண்மீன்கள் கிட்டத்தட்ட தெரியாது, தூசியும் மறைக்காது. கருந்துளை அருகிலிருந்து பீறிடும் தாரையில், அதாவது ஜெட்டில், காந்தப்புலத்தைச் சுற்றிப் பாயும் எலக்ட்ரான்கள்தான் நமக்குத் தெரிபவை.

பதில் 2:
சரிதான், ஆனால் சூப்பர்நோவா எச்சங்களும் (வெடித்த விண்மீன்களின் மிச்சங்கள்) ரேடியோவில் ஒளிரும். பக்கத்து எம்82-ஐப் பாருங்கள், நடுப்பகுதியில் அவை நிறைய. அதனால் படத்தின் கூர்மை முக்கியம். பிரிட்டனின் இ-மெர்லின் ரேடியோ தொலைநோக்கி, 217 கி.மீ. வரை பரவிய ஆன்டெனாக்களை இணைத்து, லெம்மிங்ஸ் ஆய்வில் 280 மண்டலங்களைப் பார்த்தது. 125-இல் ரேடியோ உமிழ்வு கிடைத்தது. அருமையான வேலை!

கேள்வி கேட்டவர்:
அந்த 125-உம் கருந்துளையா?

பதில் 2:
இல்லை. மையத்தில் கச்சிதமான புள்ளியோ, இருபுறமும் நீளும் ஜெட்டோ இருந்தால் நம்பலாம். அப்புறம் கண்டங்களைத் தாண்டி ஆன்டெனாக்களை இணைத்துப் பார்த்தும் புள்ளி சிறியதாகவே, பிரகாசமாகவே இருந்தால், விண்மீன் பிறப்பால் அதை விளக்க முடியாது. எம்81 அந்தச் சோதனையில் தேறியது.