மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் நடுவில்

இங்கிலாந்துத் திருச்சபையின் வழிவந்த எங்கள் ஆங்கிலிக்கன் சபையில் நாலு வருடம் பொருளாளராக இருந்தேன். வியாழன் சாயங்காலம் சபை மண்டபத்தில் மளிகைப் பை கொடுப்போம். வருகிறவர்கள் ஒரு நோட்டில் பெயர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். (தணிக்கைக்காக நான் கொண்டுவந்த ஏற்பாடு. இன்றைக்கு நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.) ஒரு வியாழன், முக்காட்டை நெற்றிவரை இழுத்துவிட்டிருந்த ஓர் அம்மா குனிந்தபடியே பெயர் எழுதினார். முகம் தெரியவில்லை. கைதான் தெரிந்தது. நகக்கண்ணில் பித்தளை பாலிஷின் கறுப்பு. ஆராதனைக்கு முன்னால் பீடத்துச் சிலுவையைத் துலக்கி வைக்கிற கை. எங்கள் கோயிலைச் சுத்தம் செய்கிறவர்.

"ஐயா, அடுத்த வாரத்திலேருந்து வேற கோயிலுக்குப் போயிடறேன். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க" என்றார்.

வேலை போய்விடுமோ என்ற பயம். அவருக்குச் சம்பளம் கொடுப்பது ஒரு காண்ட்ராக்டர். அந்தக் காண்ட்ராக்டருக்கு மாதாமாதம் காசோலை எழுதுவது நான். இருந்ததிலேயே குறைந்த தொகைக்கு ஆள் பிடித்தேன் என்று கமிட்டியில் பெருமையடித்துக்கொண்டதும் நானேதான்.

பெயரைச் சொல்லாமல் விஷயத்தைக் கமிட்டியில் வைத்தேன். இன்னும் பத்துப் பை கூடுதலாகப் போடலாமா என்றால் பத்து நிமிஷத்தில் பணம் சேர்ந்துவிடும். சம்பளத்தை உயர்த்தலாமா என்றதும் மூன்று கூட்டம் நடந்தது. "அது காண்ட்ராக்டர் பாடு, நமக்கெதுக்கு?" என்றார் ஒருவர். குருவானவர் அதிகம் பேசவில்லை. உலக ஆங்கிலிக்கன் சபைகளுக்குப் பொதுவான ஆங்கிலிக்கன் ஆலோசனை மன்றம் 1984-இல் வகுத்த திருப்பணியின் அடையாளங்களை (சபை செய்ய வேண்டியவற்றின் பட்டியல்) எழுதிய தாளை மேஜைமேல் வைத்தார். முதலில் நாலு, 1990-இல் படைப்பைப் பேணுவது சேர்ந்து ஐந்து. மூன்றாவது, தேவையில் இருப்பவருக்கு அன்போடு உதவுவது. நான்காவது, சமுதாயத்தின் அநீதியான அமைப்புகளை மாற்ற முயல்வது. "நாம மூணாவதுல நல்லாத்தான் இருக்கோம்" என்று மட்டும் சொன்னார்.

ஏழு மாதம் இழுத்து, கடைசியில் சுத்தம் செய்கிறவர்களைச் சபையே நேரடியாக வேலைக்கு எடுத்துக்கொண்டது. கூரைப் பழுது தள்ளிப்போனது. ஒரு குடும்பம் காணிக்கையை நிறுத்திவிட்டது. மழை ஒழுகும்போதெல்லாம் என்னைப் பார்க்கிறார்கள். இந்த மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட வேறு யாராவது இருந்தால் எழுதுங்கள்.

*

நான் எதிர்க்கட்சி, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பை தூக்க நான் ரெடி. மனுவில் கையெழுத்து வாங்குவதுதான் எனக்கு உறுத்துகிறது. எங்கள் சபையில் வாடகைக் குடித்தனக்காரர்களைக் காலி செய்வதற்கு எதிராக, திருவிருந்து முடிந்து வெளியே வரும் வாசலில் மேஜை போட்டு மனு வைத்தார்கள். அந்தக் கட்டடத்துக்குச் சொந்தக்காரர் இருபது வருடமாக எனக்குப் பின்வரிசையில் உட்காருகிறவர். மேஜையைப் பார்த்தார். குருவானவரிடம் கைகொடுக்காமலே போனார். அதற்கப்புறம் வரவில்லை. குடித்தனக்காரர்களில் இரண்டு வீடு காலியானதும் நிஜம், அதை மறைக்கவில்லை. ஆனால் அவரும் இதே மந்தைதானே? யார் போய்ப் பார்த்தார்கள்?

*

மேலே எழுதியவருக்கு: பாடகர் குழுவில் இருக்கிறேன். 1662 ஜெபப் புத்தகத்தின்படி மாலை ஆராதனையில் இயேசுவின் தாய் மரியாளின் பாட்டைத் தவறாமல் பாடுகிறோம். பலவான்களை ஆசனத்திலிருந்து தள்ளுவதும் ஐசுவரியமுள்ளவர்களை வெறுங்கையாய் அனுப்புவதும் அதில் இருக்கிறது. ராகம் அவ்வளவு இனிமை, யாருக்கும் உறைப்பதில்லை. அந்த வீட்டுக்காரரும் இருபது வருடம் பாடியிருப்பார். ஆனால் போய்ப் பார்த்திருக்க வேண்டும் என்பதில் உங்கள் பக்கம்தான் நான்.

*

தடுப்பு மையத்தில் புகலிடம் கேட்டு அடைபட்டிருப்பவர்களைப் பார்க்க எங்கள் சபையிலிருந்து மூன்று பேர் போய்வருகிறோம். முதல் தடவை ஒரு பை நிறையச் சாமான் கொண்டுபோனேன். வாசலிலேயே வாங்கி வைத்துவிட்டார்கள். வெறுங்கையோடு ஒரு மணி நேரம் எதிரில் உட்கார்ந்தேன். அந்தத் தம்பிக்கும் எனக்கும் பொதுவாக அறுபது வார்த்தைகூட இருக்காது. கிளம்பும்போது "அடுத்த செவ்வாயா?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்விக்கு ஆமாம் என்று சொல்லிவிட்டதால்தான் இரண்டு வருடமாகப் போகிறேன்.

கஷ்டம் பிறகுதான் வந்தது. வெளியே விட்டபின் அவர் எங்கள் சபைக்கு வந்தார், ஞானஸ்நானம் கேட்டார். உண்மையாகவா, புகலிட வழக்குக்குச் சாதகமாக இருக்கும் என்பதற்காகவா என்று கமிட்டியில் ஒரே சலசலப்பு. விசாரணைக்குக் கடிதம் எழுதச் சொன்னபோது நான் பார்த்ததை மட்டும் எழுதினேன்: எத்தனை ஞாயிறு வந்தார், என்னென்ன கேள்வி கேட்டார், நாற்காலி அடுக்கினார் என்று. மனதுக்குள் என்ன இருந்தது என்று எழுதவில்லை, எனக்குத் தெரியாது. என் மனதில் இருப்பதையே யாரும் இப்படிச் சோதித்ததில்லை. வழக்கு இன்னும் முடியவில்லை.

*

பொருளாளர் சொன்ன காசோலைக் கதை சபைக்குப் புதிதல்ல. தமிழ்ச் சபைகளுக்கு நன்றாகப் பழக்கமான எஸ்.பி.ஜி. (சொசைட்டி ஃபார் தி ப்ராபகேஷன் ஆஃப் தி காஸ்பல்) மிஷனரிச் சங்கத்துக்கு, கோட்ரிங்டன் என்பவரின் உயில் மூலம் 1710-இல் கரீபியன் தீவான பார்படோஸில் கரும்புத் தோட்டங்கள் வந்துசேர்ந்தன. அங்கிருந்த அடிமைகளின் மார்பில் 'சொசைட்டி' என்று சூடு போட்டிருக்கிறார்கள். நற்செய்தி சொல்லக் கிளம்பிய சங்கத்தின் பெயர் அது. இங்கிலாந்துத் திருச்சபையின் பொதுச் சினட் (அதன் ஆளுகை மன்றம்) 2006 பிப்ரவரியில்தான் மன்னிப்புக் கேட்டது. அடிமை வியாபாரத்தை எதிர்த்துப் போராடிய வில்பர்ஃபோர்ஸ் பேரைச் சொல்லிப் பெருமைப்படும் இளைஞர் கூட்டங்களில் இதையும் சேர்த்துச் சொல்கிறேன். போன மாதம் ஒரு பெண் கை தூக்கிக் கேட்டாள்: "இப்போ நம்ம சபைப் பணம் எதுல போட்டிருக்கு அங்கிள்?" பதில் தேடிக்கொண்டிருக்கிறேன்.

*

எதிர்க்கட்சிக்காரனே மறுபடியும். பொருளாளரய்யா, அந்த அம்மாவிடம் நீங்கள் மன்னிப்புக் கேட்டீர்களா?

*

கேட்டேன், ரொம்பத் தாமதமாக. நேரடியாக வேலைக்கு எடுத்த முதல் மாதம், சம்பளச் சீட்டைக் கொடுக்கும்போது. அதுவரை காண்ட்ராக்டர் பில்லில் 'துப்புரவு, 1 நபர்' என்றுதான் இருக்கும். அவர் பெயரே எனக்கு அந்த வியாழக்கிழமை நோட்டிலிருந்துதான் தெரியும். நான் தடுமாறித் தடுமாறி ஏதோ சொன்னேன். அவர் சீட்டை வெளிச்சத்தில் பிடித்துப் படித்துவிட்டு, "பேர்ல ஒரு எழுத்து விட்டுப்போயிருக்கு ஐயா" என்றார். மாற்றிக் கொடுத்தேன்.