ரியாக்டோஜெனிசிட்டிக்குத் தமிழில் என்ன சொல்லலாம்? (ஊசி போட்டால் சளி பிடிக்குமா என்ற கேள்வியிலிருந்து)

முதல் மடல்

நண்பர்களுக்கு வணக்கம்.

ஒரு தொழிற்சாலையின் தொழிலாளர்களுக்காக இன்ஃபுளுவென்சா தடுப்பூசி பற்றித் துண்டறிக்கை எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். நான்கு பக்கம்தான். ஒரே மாலையில் முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன், மூன்று நாளாகிறது. மாட்டிக்கொண்ட இடம் ரியாக்டோஜெனிசிட்டி.

சொல் புதிது என்றாலும் பொருள் நம் எல்லாருக்கும் பட்டுத் தெரிந்ததுதான். கோவிட் ஊசி போட்ட அன்று இரவு உடம்பு நடுங்கியது, கையைத் தூக்க முடியவில்லை, மறுநாளோ அதற்கு மறுநாளோ ஒன்றுமே நடக்காததுபோல் எழுந்து குளித்தோம் அல்லவா? ஒரு தடுப்பூசி இப்படிப்பட்ட தற்காலிகத் தொந்தரவை எந்த அளவுக்கு உண்டாக்கக்கூடியது என்பதைக் குறிக்கும் சொல் அது. உள்ளே கிருமி பெருகி வருவதல்ல இந்தக் காய்ச்சல். வந்திருப்பது அந்நியப் பொருள் என்று கண்டதும் நோயெதிர்ப்புச் செல்கள் சைட்டோகைன்கள் என்னும் சேதிப் புரதங்களை வெளியிடுகின்றன. சேதி மூளையில் உள்ள ஹைப்போதலாமஸ் வரை போகிறது. அது உடம்பின் சூட்டை ஏற்றி வைக்கிறது.

பக்க விளைவு என்று போட்டுவிட்டுப் போகலாமே என்பீர்கள். போட்டேன். "இத்தடுப்பூசியின் பக்க விளைவுகள்: காய்ச்சல், தலைவலி, உடல்வலி." படித்துப் பார்த்த தொழிற்சங்கத் தோழர் ஒருவர் கேட்டார்: "சளிக்காய்ச்சல் வராமல் இருக்க ஊசி, ஊசி போட்டால் சளிக்காய்ச்சல். அப்படித்தானே?"

அவர் மேல் தப்பில்லை. முதல் பக்கத்தில் நோயின் அறிகுறிகளாக எழுதியதையே மூன்றாம் பக்கத்தில் ஊசியின் விளைவுகளாக எழுதியிருக்கிறேன், சொல்லுக்குச் சொல். போதாக்குறைக்கு இன்ஃபுளுவென்சாவுக்குச் சளிக்காய்ச்சல் என்று பெயர் வைத்ததும் நான்தான். அதை உடனே எடுத்துவிட்டேன். ஊசி போட்டுக்கொண்டவருக்கு அடுத்த மாதம் சாதாரணச் சளி பிடித்தால், "சளி ஊசி" பொய் என்று ஆகிவிடும். சளி பிடிக்க வைக்கும் வைரஸ்கள் 200-க்கு மேல். ரைனோவைரஸில் மட்டும் 160-க்கும் அதிகமான வகைகள். அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு ஊசியே கிடையாது. இங்கிலாந்தில் சாலிஸ்பரி அருகே 1946-இல் தொடங்கிய சளி ஆய்வு நிலையம், தன்னார்வலர்களின் மூக்கில் வைரஸ் சொட்டு விட்டு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பார்த்தது. சளியைக் குணமாக்கும் மருந்து கிடைக்காமலேயே அதை மூடினார்கள்.

என் கையில் இருப்பவை: எதிர்வினைத்திறன், வினையூட்டுதன்மை, ஊசிக்காய்ச்சல். மூன்றாவதுதான் மக்கள் வாயில் நிற்கும் என்று தோன்றுகிறது. அடித்துத் துவையுங்கள்.

மறுமொழி: யாழ்ப்பாணத்திலிருந்து

ஐயா, வினையூட்டுதன்மை வேண்டாம். வேதியியல் படித்தவன் வினையூக்கி என்றே வாசிப்பான்.

ஊசிக்காய்ச்சல் கேட்க நல்லாய்த்தான் இருக்கிறது. ஆனால் தமிழில் காய்ச்சலுக்கு முன்னால் நிற்பது பெரும்பாலும் குற்றவாளியின் பெயர். எலிக்காய்ச்சல், பன்றிக்காய்ச்சல், பறவைக்காய்ச்சல். அந்த வரிசையில் ஊசிக்காய்ச்சலைச் சேர்த்தால் ஊசியால் பரவும் நோய் என்றுதான் காதில் விழும். எதை மறுக்க வந்தீர்களோ அதையே பெயராக வைத்ததாகிவிடும். கைவலி அதற்குள் அடங்கவும் இல்லை.

எங்கள் பாடநூல்களில் தூண்டல், துலங்கல் என்று உண்டு. ஊசித்துலங்கல் என்று வைக்கலாம். நிர்ப்பீடனம் (நோயெதிர்ப்பு), பிறபொருளெதிரி (ஆன்டிபாடி) என்று நாங்கள் புழங்கும் சொற்களுக்கு நடுவே அது உறுத்தாது.

இன்னொன்று. நீங்கள் சளி பிடித்தது என்பதை நாங்கள் தடிமன் என்போம். சளி என்றால் எங்களுக்கு மூக்காலும் நெஞ்சாலும் வருகிற பொருள். துண்டறிக்கை கடல் தாண்டி வருமென்றால் இரண்டையும் எழுதுங்கோ.

மறுமொழி: ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர்

தம்பி, புதன்கிழமை தோறும் ஊசி போட்டே வயதானவள் நான். ஊசித்துலங்கல் என்று சொல்லியிருந்தால் எங்கள் ஊர்த் தாய்மார்கள் குத்துவிளக்கைத் துலக்கப் போயிருப்பார்கள். யாழ்ப்பாணத்து ஐயா கோபித்துக்கொள்ளக் கூடாது.

ஊசி போட்டதும் தாயிடம் நான்கு விஷயம் சொல்ல வேண்டும் என்பது எங்களுக்குப் பாடம். என்ன ஊசி, அடுத்து எப்போது, என்ன தொந்தரவு வரலாம், அட்டையைப் பத்திரமாக வை. மூன்றாவதைச் சொல்லும்போதுதான் முகம் மாறும். ஆறு, பத்து, பதினான்காம் வாரங்களில் போடும், ஐந்து நோய்களுக்கான பெண்டாவேலன்ட் ஊசியில் கக்குவான் இருமலுக்கான பகுதி, கொன்ற கிருமியை முழுதாக வைத்துச் செய்தது. அன்று இரவு காய்ச்சல் அடிப்பது வழக்கம். தனியார் கிளினிக்குகளில் "வலியில்லா ஊசி" என்று பலகை வைத்துப் போடுகிறார்களே, அதில் கிருமியின் சில புரதங்கள் மட்டும் இருக்கும். காய்ச்சல் குறைவு, விலை அதிகம், பாதுகாப்பு சீக்கிரமே தேய்கிறது என்றும் சொல்கிறார்கள். நீங்கள் தேடும் சொல்லின் பாதியை அந்தக் கிளினிக் பலகையே எழுதிவிட்டது, கவனித்தீர்களா?

தாய்மார்கள் சொல்லும் வார்த்தை வேறு. "பிள்ளை சுணங்கிக் கிடக்கு" என்பார்கள். விளையாடாமல், பால் சரியாகக் குடிக்காமல், மடியிலேயே கிடக்கும். ஊசிச்சுணக்கம் என்று வையுங்கள்.

சளிக்கும் ஊசிக்கும் உள்ள உறவு பற்றி எழுதும்போது மறுபக்கத்தையும் எழுதுங்கள். ஊசியால் சளி வந்தது என்று வந்தவர்களைவிட, சளி இருக்கிறது, ஊசி வேண்டாம் என்று திரும்பிப் போனவர்களைத்தான் நான் அதிகம் பார்த்தேன். மூக்கு ஒழுகினால், லேசாக உடம்பு சுட்டால் ஊசியைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. எத்தனை முறை சொன்னாலும் மாமியார் சொல்தான் ஜெயிக்கும். அடுத்த புதன் வரும்போது வேறொரு சளி வந்திருக்கும். கைக்குழந்தைக்குச் சளி இல்லாத புதன்கிழமை எங்கே கிடைக்கிறது?

முதல் மடல் எழுதியவர் மீண்டும்

அம்மா, சுணக்கத்தைப் பார்த்ததும் துள்ளினேன். ராத்திரி முழுக்க அதையே வைத்துப் பக்கத்தைத் திருத்தினேன். காலையில் செய்தித்தாள் தலைப்புகளை நினைத்துப் பார்த்ததும் சுருதி இறங்கிவிட்டது. "பணிகளில் சுணக்கம்", "தடுப்பூசி போடுவதில் சுணக்கம்" என்று எழுதி எழுதி அந்தச் சொல்லைத் தாமதத்துக்குத் தாரை வார்த்துவிட்டார்கள். தடுப்பூசிச் சுணக்கம் என்று தலைப்பு வைத்தால் ஊசி வந்து சேரவில்லை என்றுதான் படிப்பார்கள். வருத்தமாகத்தான் இருக்கிறது.

பலகை பற்றிச் சொன்னது மனத்தில் ஒட்டிக்கொண்டது. கூடவே பழைய ஆய்வு ஒன்றும். அமெரிக்காவின் மினசோட்டாவில் 849 பேரைப் பிரித்துச் சிலருக்கு இன்ஃபுளுவென்சா ஊசியும் மற்றவர்களுக்கு வெறும் உப்புநீர் போன்ற போலி ஊசியும் போட்டார்கள். யாருக்கு எது என்று போட்டுக்கொண்டவர்களுக்குத் தெரியாது. 1996-இல் முடிவு வெளிவந்தது. காய்ச்சல், உடம்புவலி, அசதி என்று ஏதாவது ஒன்றைச் சொன்னவர்கள் இரு பக்கத்திலும் ஏறத்தாழ மூன்றில் ஒருவர். வித்தியாசம் தெரிந்தது கையில்தான்: உண்மை ஊசிக்காரர்களில் நூற்றுக்கு 64 பேருக்குக் கைவலி, போலி ஊசியில் 24 பேருக்கு. அதாவது இந்த ஊசியைப் பொறுத்தவரை நிச்சயமாக வருவது நோவு. மற்றது பாதி அந்த வாரத்தில் எப்படியும் வந்திருக்கக்கூடிய சளி, பாதி எதிர்பார்ப்பு.

எழுதும்போது வந்த அந்தச் சொல்லையே வைத்தால் என்ன? நோவு. ஊசிநோவு. கைவலியும் அதில் அடங்கும், உடம்பு முடியாமல் கிடப்பதும் அடங்கும். யாழ்ப்பாணத்தில் கால் நோகிறது என்கிறார்கள், வட மாவட்டங்களில் தலைநோவு என்கிறார்கள். எனக்குப் பிடித்தது வேறு: நோயும் நோவும் ஒரே வேரில் கிளைத்தவை, ஆனாலும் ஒன்றல்ல. ஊசியால் நோவு வரும், நோய் வராது. மூன்று நாளாக நான் ஒரு பத்தியில் சொல்ல முயன்றது இந்த ஒரு வரியில் வந்துவிட்டது.

ஊசியின் பண்பைக் குறிக்க நோவூட்டுதிறன் என்றால் சித்திரவதை போல் இருக்கிறது. நோவியல்பு என்றால் நோயியல் ஆகிவிடும். நோவுத்தன்மை போதும். நோவுத்தன்மை மிகுந்த ஊசி, நோவுத்தன்மை குறைந்த ஊசி.

மறுமொழி: ஒரு பொதுமருத்துவர்

நோவுத்தன்மைக்கு என் வாக்கு. கோவிட் ஊசிகளைப் பற்றிய ஒரு வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்: "கோவிஷீல்டில் முதல் தவணையின் நோவுத்தன்மை அதிகம், எம்ஆர்என்ஏ ஊசிகளில் இரண்டாம் தவணையின் நோவுத்தன்மை அதிகம்." தடையில்லாமல் ஓடுகிறது.

ஆனால் "நோய் வராது" என்பதை எல்லா ஊசிக்கும் எழுதிவிடாதீர்கள். கையில் போடும் இன்ஃபுளுவென்சா ஊசியில் இருப்பது செத்த வைரஸ் அல்லது அதன் துணுக்கு, அதற்குச் சரி. மூக்கில் தெளிக்கும் வகையில் இருப்பது வலுவிழக்கச் செய்த உயிருள்ள வைரஸ். மூக்கின் குளிர்ச்சியில் கொஞ்சம் பெருகும், நுரையீரலின் சூட்டில் பெருகாது. மூக்கு ஒழுகலாம். தட்டம்மை, ரூபெல்லா ஊசியும் உயிருள்ளதுதான். அதன் காய்ச்சல் போட்ட அன்று வராது, ஒரு வாரம், பத்து நாள் கழித்து வரும். அதையும் ஊசிநோவு என்பீர்களா? நான் என்பேன், ஆனால் வரையறையில் நாளைக் குறிப்பிடாதீர்கள்.

நோவு வந்தால்தான் ஊசி பிடித்தது என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. அலுங்காமல் நலுங்காமல் இருந்தவருக்கும் எதிர்ப்புச் சக்தி உருவாகும்.

கேட்பார்கள் என்பதால் இதையும் சொல்கிறேன். ஹாங்காங்கில் 115 சிறுவர்களை வைத்துச் செய்த ஆய்வில், இன்ஃபுளுவென்சா ஊசி போட்டவர்களுக்கு மற்றச் சுவாச வைரஸ்கள் அதிகம் தொற்றியதாக 2012-இல் எழுதினார்கள். ஒரு வைரஸ் வந்து போனால் அப்போது உடம்பு சுரந்த இன்டர்ஃபெரான் என்னும் தடுப்புப் புரதம் கொஞ்ச நாள் மற்ற வைரஸ்களையும் தடுக்கும், ஊசி போட்டவருக்கு அந்தத் தடுப்பு இல்லை என்பது அவர்கள் ஊகம். அடுத்த ஆண்டே அமெரிக்காவின் விஸ்கான்சினில் இன்னும் பெரிய கூட்டத்தில் பார்த்தபோது அப்படி ஒன்றும் தெரியவில்லை. துண்டறிக்கைக்கு இது வேண்டாம், உங்கள் சட்டைப்பையில் இருக்கட்டும்.

மறுமொழி: தருமபுரியிலிருந்து

எல்லாம் சரி. எங்கள் ஊரில் கோழிக்கு நோவு வந்தால் கூடை கூடையாகச் சாகும். மாட்டு நோவு என்றால் வைத்தியரைக் கூப்பிடு என்று பொருள். ஊசிநோவு என்று எழுதிக் கொண்டுவந்து கொடுத்தால் என் சித்தப்பா கையைப் பின்னால் கட்டிக்கொள்வார்.

மறுமொழி: ஓய்வுபெற்ற செவிலியர்

தருமபுரித் தம்பி, உங்கள் ஊரில் பெண்களுக்கு இடுப்பு நோவு வருமா வராதா? இடுப்பு நோவு எடுத்துவிட்டது என்றால் யாராவது வியாதி என்று அழுகிறார்களா? வண்டியைப் பூட்டச் சொல்வார்கள். நோவு கண்டால் பிள்ளை வரும்.

முதல் மடல் எழுதியவர்

அம்மா, இந்த மடலாடலுக்கே இது போதும்.

தருமபுரி நண்பர் சொன்னதையும் தள்ள முடியவில்லை. முன்னால் விலங்கு வந்தால் நோய், உறுப்பு வந்தால் வலி என்பதுதான் வழக்கு போலிருக்கிறது. ஊசி இரண்டிலும் சேராது, ஆகவே கேட்பவர் எந்தப் பக்கமும் சாயலாம். அதனால் ஊசிநோவைத் தனியாகத் தலைப்பில் நிறுத்தாமல், முதல் முறை வரும் இடத்திலேயே நோயையும் பக்கத்தில் வைத்து எழுதியிருக்கிறேன். மூன்றாம் பக்கம் இப்போது இப்படி இருக்கிறது:

"ஊசி போட்ட இடத்தில் ஓரிரு நாள் வலிக்கலாம். சிலருக்கு உடம்பு சுடும், அசதியாக இருக்கும். இது ஊசிநோவு, நோய் அல்ல. இந்த ஊசியில் உயிருள்ள வைரஸ் இல்லை, அதனால் இன்ஃபுளுவென்சாவை இது உண்டாக்காது. ஊசி வேலை செய்யத் தொடங்க இரண்டு வாரம் ஆகும். அதற்குள் இன்ஃபுளுவென்சா தொற்றினால் அது வெளியிலிருந்து வந்தது. சளி (தடிமன்) வேறு வைரஸ்களால் வருவது, அதை இந்த ஊசி தடுக்காது. லேசான சளி இருக்கும்போதும் ஊசி போட்டுக்கொள்ளலாம்."

நோவுத்தன்மை துண்டறிக்கையில் வரவில்லை. அது மருத்துவர் ஐயாவின் கட்டுரைகளுக்கு. தருமபுரி நண்பர் மேலே உள்ள பத்தியைச் சித்தப்பாவிடம் படித்துக் காட்டி, கை எங்கே போகிறது என்று எழுத வேண்டும். அச்சுக்குக் கொடுக்க வெள்ளிக்கிழமை வரை நேரம் இருக்கிறது.