புதுப்பிப்பு: விலை கூடிய ஆலிவ் எண்ணெய்க்குக் காசு தகுமா?

உப்பு, சர்க்கரைக்குக் கூடுதல் காசு வீண், ஆலிவ் எண்ணெய்க்குத் தகும் என்று முன்பு எழுதியதில் ஒரு திருத்தம். ஆலிவ் எண்ணெயில் உயர்ந்த தரமான எக்ஸ்ட்ரா வர்ஜின் என்றால் கட்டற்ற அமிலத்தன்மை, அதாவது எண்ணெய் சிதைந்து பிரிந்த கொழுப்பு அமிலத்தின் அளவு, 0.8 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. ஆனால் லேபிளில் இருக்கும் அந்தப் பெயரை மட்டும் நம்பி வாங்காதீர்கள். வெளிச்சமும் காற்றும் சூடும் பட்டால் எவ்வளவு உயர்ந்த எண்ணெயும் காறிவிடும். கடையின் விளக்கடியில் மாதக்கணக்கில் நின்ற கண்ணாடிப் புட்டி, பாதி விலைக்குக் கிடைத்தாலும் வேண்டாம். அறுவடைத் தேதி போட்ட, அடர்நிறப் புட்டியாகப் பாருங்கள். திறந்தபின் ஓரிரு மாதத்தில் தீர்கிற அளவே போதும்.

ஒரு தேக்கரண்டி வாயில் ஊற்றி உறிஞ்சிப் பாருங்கள். தொண்டையில் சுருக்கென்று காரம் ஏறினால் குறையல்ல, ஓலியோகாந்தால் என்ற சேர்மத்தின் வேலை அது. பழைய கிரேயான் வாடை வந்தால்தான் கெட்டது. பொரிக்க மட்டும் என்றால் சுத்திகரித்த மலிவு எண்ணெயே போதும். மணம் எப்படியும் சூட்டில் பறந்துவிடும்.